படலைச் சாத்துகிறவன்

முதல் தடவை கேட்காமல்தான் நுழைந்தேன்.
நேமத்தான்பட்டிக் கண்மாய்க்கு மேற்கே
கருவேல் முள் அடைத்த கடலைக் காடு.
படலைத் திறந்தேன், தடம் பார்த்தேன்,
வலை கட்டி விடியும்வரை குந்தியிருந்தேன்.
நரி வரவில்லை.
நான் சாத்தாமல் விட்ட படல் வழியே
யார் வீட்டு எருமையோ வந்து
மூன்று பாத்தியை முடித்துவிட்டுப் போனது.

நிலம் உமையாள் ஆச்சியுடையது.
காரைக்குடியில் லாட்ஜ் நடத்துகிறவர்.
கடலை, குத்தகைக்காரி சவரியம்மாளுடையது.
ஆடுகளும் அவளுடையவை.
நரி அரசாங்கத்துடையது,
உயிரோடு பிடித்து ரேஞ்சர் ஆபீசில் விட வேண்டும்.
எனக்கென்று இருந்தவை
ஒரு வலை, ஒரு டார்ச் லைட்,
அந்த எருமையால் வந்த கெட்ட பெயர்.

இரண்டாம் தடவை பகலில் போனேன், லாட்ஜுக்கு.
சாவிகளை ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டார்:
"வலையா, வெடியா?"
வலை ஆச்சி.
"வெடின்னா மாட்டு வாய் கிழியும்."
அதனாலதான் வலை.
"எத்தனை பேரு?"
நான் ஒருத்தன்.
"வர்ற அன்னிக்குச் சொல்லணும்.
ராத்திரி என் காட்டுல வெளிச்சம் தெரிஞ்சா
ஊரே எனக்குத்தான் போன் போடும்."
சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.
"சவரியம்மா கடலைக்கு என்ன வழி?" என்றார்.

மூன்று நாள் களை வெட்டினேன்.
இரண்டு நாள் சவரியம்மாள் என் பக்கம் திரும்பவில்லை.
மூன்றாம் நாள் தூக்குவாளியைத்
திறந்தே வைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு
நுழையும்போது ஒரு போன், வெளியேறும்போது ஒரு போன்.
கௌதாரி காலடியில் ஓடும், தொடமாட்டேன்.
நான் கேட்டது நரிக்கு, கௌதாரிக்கு அல்ல.
கடலையில் ஒரு செடிகூடப் பிடுங்கியதில்லை.
ஒரு நாள் பிடுங்கினேன், பசி.
காலையில் சொல்லிவிட்டேன்.
"பிஞ்சையா புடுங்குன?" என்று மட்டும் கேட்டாள்.

ஐப்பசி மழை விட்ட மறுநாள்
ஐந்தாவது குட்டியும் போயிருந்தது.
செம்மண் ஈரத்தில் தடம் அச்சுப்போலத் தெரிந்தது.
நரி ஒரே நூலில் நடக்கும்.
இது அகலக் கால் வைத்து, அவசரமில்லாமல் வந்திருந்தது.
நகம் மழுங்கிய தடம்,
சிமெண்டுத் தரையில் வளர்ந்த நகம்.
அன்று இரவு வலையில் விழுந்தது சீசர்,
ஆச்சியின் ஊர் வீட்டில் வாட்ச்மேன்
ராத்திரி அவிழ்த்துவிடும் நாய்.
கழுத்தில் பித்தளை வளையம். வாயோரம் ஆட்டு மயிர்.

மணி இரண்டு.
வலையை அறுத்துவிட்டால் நரிதான் தின்றது என்றாகிவிடும்,
கேள்வி கேட்க ஆளில்லை.
போனில் இரண்டு நம்பர் இருந்தன. இரண்டுக்கும் போட்டேன்.
முதலில் யாருக்குப் போட்டாய் என்று
இன்றுவரை இருவரும் கேட்கிறார்கள்.

விடிய ஆச்சியின் கார் வந்தது.
நாயைப் பார்க்கவில்லை. சவரியம்மாளைப் பார்த்தார்.
"எத்தனை குட்டி?"
"அஞ்சு."
"மூணு," என்றேன் நான்.
முதல் இரண்டும் நரி, தடம் பார்த்தவன் நான்தானே.
சவரியம்மாள் என்னைப் பார்த்த பார்வையில்
வலைகூடக் கருகியிருக்கும்.
மூன்று குட்டிக்குப் பணம் எண்ணிக் கொடுத்தார் ஆச்சி.
எனக்குக் கூலி பற்றிப் பேச்சில்லை.
கார் கிளம்பிப் போனது,
பின்சீட்டில் சீசர், எதுவும் நடக்காதது போல.

தை பிறந்து படலுக்குப் பதில் இரும்புக் கேட் வந்தது.
பூட்டுக்கு மூன்று சாவி.
மூன்றாவதை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தது
சவரியம்மாள்தான்,
முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

சாவி இருந்தும் போன் போடாமல் நுழைவதில்லை.
நேற்று கூப்பிட்டபோது ஆச்சி சலித்துக்கொண்டார்:
"அதான் சாவி இருக்குல்ல, தூங்க விடு."

கேட்டைச் சாத்தித் திரும்பினால்
கண்மாய்க் கரைமேல் இரண்டு கண்கள்.
ஒரு கணம் டார்ச்சைப் பார்த்துவிட்டு
வேலிக்கு அடியில் நுழைந்து போயிற்று,
யாரையும் கேட்காமல்.